பங்கேற்பாளர் ஏழு

சேரப்பணஞ்சேரி
8.6.2025, ஞாயிறு

பாப்பாவுக்கு,

அப்பாதான். கோழி கிண்டின மாதிரி இருக்கும் எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

உன் பார்சல் வியாழக்கிழமை வந்தது. பத்து கவர். பத்திலும் ஸ்டாம்பு ஒட்டி, பத்திலும் உன் பெங்களூர் விலாசத்தை நீயே எழுதி, கூட இரண்டு வரி. "புது ஸ்கிரீனோடு உங்கள் பாடு எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். போனில் வேண்டாம், பேப்பரில்." நாலு மாதம் பேசாத மகள் பேச ஆரம்பித்தால் இரண்டு வரிதான் வரும்போல. உன் அம்மா படித்துவிட்டு முந்தானையை எடுத்தாள். பத்து தடவை என்னைப் பொறுத்துக்கொள்வது என்று முடிவு பண்ணியிருக்கிறாய் என நான் சந்தோஷப்பட்டேன்.

"இன்னாத்துக்கு லெட்டரு? போன் இல்ல?" என்றாள் அம்மா.

"போன்ல நா வாயத் தொறந்தா இன்னா ஆவும்னு அவளுக்குத் தெரியும், வுடு" என்றேன்.

அது உண்மைதானே. பெண் பார்க்க வந்தவர்கள் உன் வேலை என்ன என்று கேட்டபோது நான் பஜ்ஜித் தட்டை நீட்டியிருக்கலாம். "கம்ப்யூட்டர்ல பட்டன் வரையுது" என்றேன். "இதுக்கா இன்ஜினியரிங்கு?" என்று மாப்பிள்ளையின் மாமா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொன்னதைக்கூட நீ மன்னித்திருப்பாய். சிரித்ததை மன்னிக்கவில்லை.

சரி, ஸ்கிரீன். பதினேழு வருடமாக தகடு அமுக்கும் நாலாம் நம்பர் பிரஸ் மெஷினில் எனக்கு இரண்டு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன். இப்போது மெஷினுக்கு மூஞ்சி வைத்துவிட்டார்கள். அட்டையைக் காட்டினால் 'வணக்கம் ரத்தினம்' என்கிறது. முதல் நாள் நானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். லைனே சிரித்தது. அப்புறம் பதினாலு கேள்வி. 'இடர் மதிப்பீடு உறுதிசெய்யப்பட்டதா?' பத்தாவது பாஸ் பண்ணினவனுக்கு அதில் புரிந்தது கேள்விக்குறி மட்டும்தான். பதினாலுக்கும் 'ஆம்' அழுத்துகிறேன். மெஷினை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறது. பழுது, பொருள் இல்லை, தனிப்பட்டது. 'தனிப்பட்டது' என்றால் ஒண்ணுக்கு.

எங்களைப் போல நிரந்தரமானவர்களுக்குப் பரவாயில்லை, போய்விட்டு வந்து அட்டையைக் காட்டினால் மெஷின் ஓடும். கான்ட்ராக்ட் ஆட்கள் 'தனிப்பட்டது' அழுத்தினால் திரை சிவந்துவிடும். சூப்பர்வைசர் வந்து அவர் அட்டையைக் காட்டினால்தான் மறுபடி திறக்கும். அவருக்குப் பன்னிரண்டு மெஷின். ஐந்தாம் நம்பரில் முத்துச்செல்வி என்று ஒரு பெண், சங்கரன்கோவில் பக்கம், படப்பையில் ஹாஸ்டல். "அண்ணாச்சி, ஒண்ணுக்குப் போறதுக்கும் ஒருத்தர்ட்ட கைகட்டி நிக்கணுமா? காலையில இருந்து தண்ணியே குடிக்கல" என்றாள்.

என் அட்டையைக் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்வது?

உன் அப்பா.

*

பெங்களூர்
17.6.2025

அப்பா,

கடிதம் கிடைத்தது. கும்பிட்ட இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபம் போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

நான் பட்டன் வரைபவள் இல்லை. அடுத்த முறை யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். ஒரு கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களிடம் போய் என்ன சாப்பிடுவீர்கள், எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்று கேட்டு வருபவர் ஒருவர், அவர் ரிசர்ச்சர். இலை எங்கே, தண்ணீர் எங்கே, எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் போவது என்று தீர்மானிப்பவர் டிசைனர். தோரணமும் விளக்கும் பார்ப்பவர் இன்னொருவர். பந்தி போடும் முன்னாலேயே நாலு பேரை உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லி, உப்பு சரியா என்று பார்ப்பவர் டெஸ்டர். 'கை கழுவும் இடம்' என்று போர்டு எழுதுபவர் யூஎக்ஸ் ரைட்டர். அதுதான் நான். மூன்று வருடமாகப் போர்டு எழுதுகிறேன். ரிசர்ச்சர் ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை. பந்தியைப் பார்க்காமலே போர்டு எழுதி அலுத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்கிரீனைச் செய்தது எங்கள் கம்பெனிதான். 'தனிப்பட்டது' என்று எழுதியது நான். இங்கிலீஷில் ஒரு வார்த்தை கொடுத்தார்கள், தமிழில் ஒரு வார்த்தை கொடுத்தேன். அதை அழுத்தினால் திரை சிவக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அட்டையைப் பற்றி இன்னும் எழுதுங்கள். யார் யார் வாங்குகிறார்கள்? மெஷின் கண்டுபிடிக்கவில்லையா? ஒரு நாளின் கணக்கில் உங்கள் பெயரில் என்ன பதிவாகிறது? சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே எழுதுங்கள்.

செந்தாமரை.

*

சேரப்பணஞ்சேரி
22.6.2025

பாப்பாவுக்கு,

உன் பந்தி விஷயத்தை டீ டைமில் எடுத்துவிட்டேன். இப்போது லைன் முழுக்க நீ கேட்டரிங் படித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் இப்படித்தான்.

அட்டை பற்றிக் கேட்டாய். கேட் அட்டை வேறு, மெஷின் அட்டை வேறு. மெஷின் அட்டையை ஒரு காந்தத்தில் ஒட்டி நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ள தூணில் தொங்கவிட்டிருக்கிறோம். முத்துச்செல்வி என் பெயரில் மெஷினைத் திறப்பாள், என் பெயரில் நிறுத்துவாள், என் பெயரில் போய்விட்டு வருவாள். நான் வீட்டுக்கு வந்த பிறகு இரண்டாம் ஷிப்ட் பெண்களுக்கும் அதே அட்டைதான். ஒரே நேரத்தில் இரண்டு மெஷினில் ஒரே ஆள் நின்றால் ஸ்கிரீன் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டிலும் வணக்கம்தான்.

அதனால் என்ன ஆயிற்று என்று கேள். மெஷின் கணக்குப்படி நான் பதினாறு மணி நேரம் நின்று, இரண்டு மெஷின் ஓட்டி, ஒரு தடவையும் திரை சிவக்காமல் வேலை பார்ப்பவன். ஒண்ணுக்கே போகாத மனிதன். எங்கள் தெரு நாய்கூட இவ்வளவு கட்டுப்பாடாக இருந்ததில்லை. போன வாரம் 'மாதத்தின் சிறந்த ஆபரேட்டர்' என்று மேடை ஏற்றி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கை தட்டும்போது முத்துச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணாச்சி, அதுல பாதி எனக்கு. பெரிய முள்ள நீங்க வச்சுக்கிடுங்க" என்றாள்.

வாங்கியிருக்கக் கூடாது, தெரியும். மேடையில் கூப்பிட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

அப்பா.

*

பெங்களூர்
6.7.2025

அப்பா,

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். எனக்கு ரிசர்ச்சர் வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்டிலிருந்து. வெள்ளிக்கிழமை பெரியவர்கள் முன்னால் ஒரு மணி நேரம் பேசினேன். எங்கள் மேனேஜர் மணிகண்டபிரபு சாதாரணமாக யாரையும் பாராட்டுவதில்லை. கடைசியில் எழுந்து நின்று, "தொழிற்சாலையை இப்படி யாரும் எங்களுக்குக் காட்டினதில்லை" என்றார்.

திரை சிவப்பதை எடுத்துவிட வேண்டும், கேள்விகளைப் பதினாலிலிருந்து மூன்றாக்க வேண்டும், நிறுத்தக் காரணம் கேட்கவே கூடாது என்று சொன்னேன். தலையாட்டினார்கள். அறிக்கையை உங்கள் தொழிற்சாலைக்கும் அனுப்பப் போகிறார்கள். அது வழக்கம்தான். அதில் யார் பெயரும் இல்லை.

இரண்டு வாரமாக உங்கள் கடிதம் வரவில்லை. உடம்பு சரிதானே?

தாமரை.

*

சேரப்பணஞ்சேரி
13.7.2025

பாப்பாவுக்கு,

உன் அம்மா மணிமங்கலம் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தாள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "பொண்ணு ரிசர்ச்சு" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு பாட்டி எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டதாம். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதாததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் போனால் தூணில் காந்தமும் இல்லை, அட்டையும் இல்லை. சூப்பர்வைசர் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். புதன்கிழமை ஒவ்வொரு ஸ்கிரீனுக்கு மேலும் ஒரு கேமரா. வியாழன் பாத்ரூம் கதவுக்கும் அட்டை காட்டும் பெட்டி. போனது ஒரு முறை, வந்தது ஒரு முறை காட்ட வேண்டும். முத்துச்செல்வியை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். கேமரா வந்த அன்று தலை வாரிக்கொண்டு போனேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நம்பர் இசக்கியப்பன்மேல்தான் எனக்குச் சந்தேகம். சூப்பர்வைசரோடு அவன்தான் டீ குடிப்பான். எட்டு வருடமாக என் டப்பாவில் அவன் கை, அவன் டப்பாவில் என் கை. வெள்ளிக்கிழமை தள்ளி உட்கார்ந்தேன். "இன்னாண்ணே, நா இன்னா பண்ணேன்?" என்று கேட்டான். "உனுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு வேறு மேஜைக்குப் போய்விட்டேன்.

உன் அறிக்கை இங்கே வந்துவிட்டதா? வந்திருந்தால் திரை சிவப்பதை எடுக்க வேண்டும் அல்லவா? இங்கே புதிதாகச் சிவப்பதுதான் அதிகமாகியிருக்கிறது.

அப்பா.

*

சேரப்பணஞ்சேரி
27.7.2025

செந்தாமரைக்கு,

திங்கட்கிழமை முத்துச்செல்வியை கான்ட்ராக்ட் வேனில் ஏற்றவில்லை. லிஸ்டில் பெயர் இல்லையாம். காரணம் கேட்டதற்கு, "மேல இருந்து வந்துது" என்றாராம் டிரைவர்.

புதன்கிழமை என்னை எச்.ஆருக்குக் கூப்பிட்டார்கள். ஜோயல் சார், உன் வயதுதான் இருக்கும், மரியாதையான பையன். டீ வரவழைத்தார். வீட்டில் எல்லோரும் நலமா என்றார். பிறகு லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு, "ஒண்ணு படிக்கிறேன், இத யாரு சொல்லியிருப்பாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

படித்தார். "மெஷின் கணக்குப்படி ஒண்ணுக்கே போகாத மனிதன். எங்கள் தெரு நாய்கூட இவ்வளவு கட்டுப்பாடாக இருந்ததில்லை."

பாப்பா, செத்த வீட்டில் நம் பெயரைச் சொல்லி யாரோ அழுவதை நாமே வாசலில் நின்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் படித்தார். நானும் சிரித்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

"உங்க ஷாப்புல இந்த மாதிரி பேசறது யாரு ரத்தினம்ணே?"

"எல்லாரும் பேசுவாங்க சார்."

"பங்கேற்பாளர் ஏழு. ஆண், ஐம்பத்து மூணு, நிரந்தரம், பத்தாவது. அப்படின்னு போட்டிருக்கு."

எங்கள் பிரஸ் ஷாப்பில் ஐம்பதைத் தாண்டிய நிரந்தரம் மூன்று பேர். ஒருவருக்கு எழுத வராது. இன்னொருவருக்குச் சிரிக்க வராது. மூன்றாவது ஆளான நான் டீயைக் குடித்துவிட்டு, "தெரியல சார்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். கதவுவரை வந்து, "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்ல" என்றார். அந்த 'அவசரம் இல்ல'வைத்தான் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாயைப் பற்றி நான் எழுதினது ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

என்ன செய்தாய்?

அப்பா.

*

பெங்களூர்
1.8.2025

அப்பா,

பதினொரு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவரிடம், தினமும் என்ன நடந்தது என்று அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்வோம். பக்கத்தில் நாங்கள் நின்றால் மறைப்பார்கள், தனியாக எழுதினால் உண்மை வரும். டைரி ஸ்டடி என்போம். ஜூன் மாதம் எட்டுப் பேரிடம் எழுதி வாங்கச் சொன்னார்கள். ஏழு பேர் எங்கள் ஏஜென்சி பிடித்துக் கொடுத்தவர்கள். 'திரை நன்றாக உள்ளது' என்று ஒரு வரி எழுதினார்கள். எட்டாவது ஆளாக உங்களுக்குக் கவர் அனுப்பினேன். வரிசையைக் கலைத்துப் போட்டதில் உங்கள் எண் ஏழு.

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். முத்துச்செல்வியின் பெயரையும். 'தென்மாவட்ட ஒப்பந்தப் பெண் தொழிலாளி' என்று போட்டேன். ஊரையும் வயதையும் மறைத்தால் போதும் என்று நினைத்தேன். உங்கள் வயதை மறைக்கக்கூட மறந்துவிட்டேன். நாய் வரியை எடுத்திருக்க வேண்டும். எடுக்க மனம் வரவில்லை. மொத்த அறிக்கையிலும் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அந்த வரிக்குத்தான் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வரிக்குத்தான் எனக்கு வேலை கொடுத்தார்கள்.

நீங்கள் என் அப்பா என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சேர்க்க விட்டிருக்க மாட்டார்கள். உங்களிடமும் இது வேலைக்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் தலை வாரிக்கொண்டு எழுதியிருப்பீர்கள்.

சமாதானம் ஆவதற்கும் அந்தக் கவர்களை அனுப்பினேன். அது பொய் இல்லை. ஆனால் அதற்கு மட்டும் இல்லை.

இப்போது உங்கள் தொழிற்சாலை அசல் கடிதங்களைக் கேட்கிறது. திரையைத் திருத்த இல்லை. யார் என்று பார்க்க. மணிகண்டபிரபு, "கஸ்டமர் கேட்கிறார்கள், கொடுப்பதில் என்ன?" என்கிறார். இரண்டு வாரம் அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

தாமரை.

*

சேரப்பணஞ்சேரி
10.8.2025

பாப்பாவுக்கு,

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். உன் அம்மா உன் லெட்டர் எல்லாவற்றையும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். இந்த ஒன்றை மட்டும் நான் என் டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன்.

அதில் நான் எழுத்துக்கூட்டிப் படித்த வார்த்தை 'பங்கேற்பாளர்'. நான் எதில் பங்கேற்றேன்? மகளுக்கு லெட்டர் எழுதினேன். எழுதின ஒவ்வொரு ஞாயிறும் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன், நீ நேரில் இருக்கிற மாதிரி. உன் அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

இசக்கியப்பனிடம் போனேன். "நீ ஒண்ணும் பண்ல, நாந்தான்" என்றேன். எப்படி என்று கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினான்.

நேற்று படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது முத்துச்செல்வியைப் பார்த்தேன். பையோடு நின்றாள். ஊருக்குப் போகிறாளா என்று கேட்டேன்.

"ஊருக்குப் போய் என்னத்தச் சொல்ல? ஆஸ்பத்திரிக்குப் போறேன் அண்ணாச்சி. நீர்க்கடுப்பு. தண்ணி குடிக்காம அடக்கி அடக்கி கிட்னி வரைக்கும் போயிட்டாம்."

"எந்தக் கம்பெனியும் கூப்பிடலியாம்மா?"

"மூணு எடத்துல கேட்டேன். ஆதார் நம்பரப் போட்ட ஒடனே மூஞ்சி மாறுது. அட்டைய மாத்திப் போட்டவன்னு எழுதி வச்சிருக்காவளாம்." பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "யாரு அண்ணாச்சி போட்டுக் குடுத்தது? தெரிஞ்சா சொல்லுங்க. அடிக்கலாம் மாட்டேன். ஏம்னு மட்டும் கேக்கணும்."

ஆட்டோ வந்தது. நான் சொல்லவில்லை. அவள் ஏறிப் போய்விட்டாள். கோழை என்று உன் அப்பாவை நீ ஒருநாளும் சொன்னதில்லை. நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

லெட்டரைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். ஆனால் அதில் அந்தப் பெண்ணின் பெயர் நாலைந்து இடத்தில் இருக்கிறது. கேமராவைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இப்போது அடக்கத் தெரிந்துவிட்டது.

அப்பா.

*

பெங்களூர்
19.8.2025

அப்பா,

கடிதங்களைக் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன்.

நேற்று மணிகண்டபிரபுவிடம், பங்கேற்பாளர் ஏழு என்று யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். எட்டுப் பேர் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது, ஒருவரை நானே இட்டுக்கட்டி எழுதினேன் என்றேன். அட்டையும் இல்லை, காந்தமும் இல்லை, நாயும் இல்லை. அவர் லேப்டாப்பை மூடினார். "இது பொய்யா, அது பொய்யா?" என்று கேட்டார். அது என்றேன்.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. சொற்களைத் தப்பாக எழுதலாம், திரையைத் தப்பாக வரையலாம். ஆளை இட்டுக்கட்டினால் அதற்கப்புறம் எங்கேயும் நுழைய முடியாது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை விசாரணை. அன்றோடு முடிந்துவிடும்.

உங்களுக்கு இனி ஒன்றும் வராது. அப்படி ஒரு ஆளே இல்லை என்றால் யாரைத் தேடுவார்கள்? ஜோயல் கூப்பிட்டால் தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள். இன்னும் ஐந்து வருடம் வேலை இருக்கிறது. அம்மாவுக்கு மாத்திரை அந்த இன்ஷூரன்ஸில்தான் வருகிறது. தயவுசெய்து தைரியசாலி ஆகிவிடாதீர்கள்.

நான் உங்களுக்குச் செய்ததற்கு இது சரியாகிவிடாது. தெரியும்.

தாமரை.

*

சேரப்பணஞ்சேரி
31.8.2025, ஞாயிறு

பாப்பாவுக்கு,

இதை ஸ்பீடு போஸ்டில் போடப் போகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் உனக்கு வர வேண்டும் என்பதால். முழுதாகப் படி.

புதன்கிழமை ஜோயல் சார் மறுபடி கூப்பிட்டார். இந்த முறையும் டீ. "உங்களுக்கு நல்ல சேதி ரத்தினம்ணே. அந்த ரிப்போர்ட்டு மொத்தமும் ஃப்ராடு. அந்தப் பொண்ணு இட்டுக்கட்டி எழுதியிருக்கு, அவங்க கம்பெனியே ஒத்துக்கிச்சு. நாங்கதான் அநியாயமா உங்கள சந்தேகப்பட்டுட்டோம்" என்று கை கொடுத்தார். எனக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது.

"ஒரே ஒரு கையெழுத்து" என்று ஒரு பேப்பரை நகர்த்தினார். அவர்கள் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம். மூத்த தொழிலாளி என்ற முறையில் நான் போட்டால் மதிப்பாம். கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றேன். சட்டைப் பையில்தான் இருந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். "திங்கக்கெழம கொண்டாங்க. திங்கக்கெழம கண்டிப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். இந்த ஷாப்பில் ஒருவர் அட்டையை ஒருவர் பயன்படுத்தும் பழக்கம் எப்போதும் இருந்ததில்லை. கழிவறைக்குப் போக யாருக்கும் எந்தத் தடையும் இல்லை. திரையால் யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. செந்தாமரை என்பவர் தயாரித்த அறிக்கை முழுக்கப் பொய் என்று அறிவேன். இப்படிக்கு, கீழே என் பெயர் டைப் அடித்திருந்தது. உன் பெயரும் என் பெயரும் ஒரே பேப்பரில் வந்து ரொம்ப நாளாயிற்று. உன் டி.சி.க்கு அப்புறம் இதுதான். அவர்களுக்கு நீ யார் என்று இன்னும் தெரியாது.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டூல் பாக்ஸ் லெட்டரையும் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"பொண்ணு பொய்யின்னு நீ கையெழுத்துப் போடுவியா?"

"போடலன்னா வேலை போவும். உன் மாத்திரை போவும்."

"அத நா கேக்கல. போடுவியான்னு கேட்டேன்."

முப்பது வருடத்தில் உன் அம்மா என்னைக் கேட்ட கேள்விகளில் எனக்கு ஜோக் வராதது இது ஒன்றுதான்.

நேற்று படப்பையில் அந்தப் பேப்பரை ஒரு செராக்ஸ் எடுத்தேன். அசலிலும் செராக்ஸிலும், டைப் அடித்த பெயருக்குக் கீழே, பேனாவால் ஒரே மாதிரி எழுதியிருக்கிறேன். தப்பு வரக் கூடாது என்று நோட்டில் நாலு தடவை எழுதிப் பார்த்த பிறகு எழுதினது. 'மேலே உள்ளது உண்மை இல்லை. அட்டை என்னுடையது. கொடுத்தவன் நான். கேட்காமலே கொடுத்தேன். முத்துச்செல்வி அதை எடுத்தது பாத்ரூம் போக. அவளைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். அறிக்கையில் உள்ளதை என் மகளுக்கு நான் எழுதினேன், அதில் ஒரு வரியும் அவள் இட்டுக்கட்டவில்லை.' கீழே கையெழுத்து, தேதி, மெஷின் நம்பர்.

அந்தப் பெண்ணின் பெயரை மறுபடி எழுதலாமா என்று நானே தீர்மானிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போய்க் கேட்டேன். யார் போட்டுக் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட்டேன். நின்றபடியே கேட்டாள். ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "எம் பேர எழுதுங்க. முழுப் பேரா எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.

அசலை நாளைக்குக் கொடுக்கிறேன். செராக்ஸ் இந்தக் கவருக்குள் இருக்கிறது, மை தொட்டால் தெரியும். வெள்ளிக்கிழமை அவர்கள் மேஜைமேல் இதை வை. என் அப்பா என்று மறைத்தது தப்பு, அதற்கு என்ன தண்டனையோ வாங்கிக்கொள். செய்யாத தப்புக்கு வாங்காதே. உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு, இது வேறு.

இன்னொரு விஷயம். சாயங்காலம் போனில், தினமும் நான் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் ஆபீஸிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. '01.09 முதல் தங்கள் இருக்கை ரத்து செய்யப்பட்டது.' நான் இன்னும் பேப்பரைக் கொடுக்கவே இல்லை, பார். செராக்ஸ் கடையில் யாராவது பார்த்தார்களா, அல்லது கண்ணாடி என்று சொன்ன அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்களா, தெரியவில்லை. கம்பெனி இருக்கும் ஒரகடம் வரை நடந்துபோய் கேட்டில் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவேன். இசக்கியப்பன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா முதல் ஷிப்டுக்கு என்று நாலரைக்கு அலாரம் வைத்துக்கொண்டிருக்கிறாள். பஸ் வராது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பா.